பட்டாளத்து ரேசர்

"பாய், அண்ணன் தொண்டையில வெட்டிட்டேன். ஆபத்தில்லாத பிளேடு ஒண்ணு சொல்லுங்க."

தென்காசியில் பீர்மைதீனின் சலூனுக்கு வந்து நின்ற சிவசைலத்துக்கு அறுபத்திரண்டு வயது. பீர்மைதீன் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் சவரம் என்றால் ஊரில் அவர் வார்த்தைதான்.

அண்ணன் சங்கரலிங்கத்துக்கு இதய ஆபரேஷன் நடந்திருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அந்தச் சின்னக் கீறலுக்கே அரை மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து அவர் முகத்தைத் தொடவிடவில்லை. மூன்று வாரமாயிற்று. பட்டாளத்தில் இருபது வருஷம் ஒரு நாளும் தாடியோடு நின்றவரல்ல. இப்போது யார் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

"என்ன பிளேடு போட்டீய?"

"இருக்கிறதுலயே மொண்ணையானது. பயம்தான்."

"இருக்கிறதுலயே கூரானது எது?"

சிவசைலம் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "இந்த நீல உறை. இதை நான் பிரிக்கவே இல்ல."

பையில் கூடவே வந்திருந்த அண்ணனின் பட்டாளத்து ரேசரைப் பீர்மைதீன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய பித்தளை, நல்ல கனம். விளிம்பில் பிளேடு முடியளவுதான் எட்டிப் பார்த்தது.

"அருமையான சாமான், சார். ஆனா பரம சாது. இதுல மொண்ண பிளேடப் போட்டா முடிய வெட்டாது, இழுக்கும். இழுத்தா நீங்க அழுத்துவீய."

நீல உறையைப் பிரித்தார். பிளேடைப் பொருத்தி ரேசரைச் சிவசைலத்திடம் கொடுத்தார். தன் முகத்தில் நுரை போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கழுத்தை நீட்டினார்.

"வழிங்க."

"உங்களுக்கா?"

பீர்மைதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

சிவசைலம் ரேசரை இறுகப் பிடித்தார். கன்னத்தில் வைத்தார்.

"அழுத்துதீய."

"விட்டா நழுவிருமே, பாய்."

"நழுவட்டும். அதுக்குன்னு ஒரு கனம் இருக்குல்லா?"

சிவசைலம் விரல்களைத் தளர்த்தினார். ரேசர் தானாக இறங்கியது. சர்ரென்று ஒரே சத்தம், மணலில் விளக்குமாறு போவதுபோல. தாடை முடிந்தது. தொண்டையும் முடிந்தது. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.

அவர் ரேசரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நல்ல பிளேடு இதுதானா, பாய்? என் ரேசருக்கும் இதையே போட்டுரவா?"

"ஒங்க ரேசர் எப்படி?"

"வாய் அகலம். பல்லுப் பல்லா இருக்கும்."

"அய்யோ, அது முரடு, பிளேடு நல்லா வெளிய நிக்கும். அதுக்கு அந்த மொண்ணையப் போடுங்க."

சிவசைலம் வாய்விட்டுச் சிரித்தார். வெட்டுப்பட்ட நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

வீட்டுக்குப் போனார். ரேசரை வெந்நீரில் கழுவி, நீல உறையிலிருந்து புதுப் பிளேடு போட்டார்.

"ஏலே, இன்னைக்கும் வெட்டிருவியா?" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"தெரியல, அண்ணே. பாய் கழுத்த நான் வெட்டல."

அண்ணன் தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பி மல்லாந்து படுத்தார்.

வலது கன்னம் முடிந்தது. இடது கன்னம் முடிந்தது.

தொண்டைக்கு வந்தபோது, அண்ணன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.