மாசி போட்ட துளை

அந்தக் காலத்தில், குளவிக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்தபோது, செங்குளம் என்றொரு ஊர். அங்கே இளவட்டம் ஆன ஒவ்வொருவரும் தங்கள் முகத்தைத் தாங்களே களிமண்ணில் முழுத் தலையாகச் செய்து, சூளையில் சுட்டு, குளத்தங்கரையில் வைக்க வேண்டும். அந்த முகங்களைப் பார்த்துத்தான் யார் யார் இந்த ஊர் என்று மழை தெரிந்துகொள்ளுமாம். முகம் வைக்காதவருக்குக் குளத்தில் தண்ணீர் இல்லை, ஊரில் இடமும் இல்லை. மூன்று முறை சுடலாம். மூன்றாவதும் உடைந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

மாசி செய்த முகங்கள் இரண்டு முறையும் சூளைக்குள்ளேயே வெடித்துவிட்டன.

மாசி மாதத்தில் பிறந்ததால் வைத்த பெயர் அது. ஆண்பிள்ளை என்று வளர்த்தார்கள். ஆனால் மாசிக்குத் தான் ஆணாகவும் தோன்றவில்லை, பெண்ணாகவும் தோன்றவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லப் பயம். முதலில் மீசை வைத்த முகம் செய்தார். வெடித்தது. அடுத்து மூக்குத்தி போட்ட முகம் செய்தார். அதுவும் வெடித்தது. சூளை காக்கும் ஒச்சப்பன் சில்லுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "ரெண்டுல ஒண்ண ஒழுங்கா வையி மாசி. அடுத்ததும் ஒடைஞ்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. வேறு மாதிரி முகத்தை அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது முகத்துக்கு மண் எடுக்க மாசி கரைக்குப் போனார். கூடு கட்ட மண் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குளவி, வெடித்துப்போன முகங்களுக்குள்ளே எதை வைத்துப் பூசினாய் என்று கேட்டது. ஒன்றுமில்லை, உள்ளே வெறும் கூடுதான் என்றார் மாசி. குளவியா நம்பும்? விடாமல் சுற்றிச் சுற்றி வந்து கேட்டது. கடைசியில் மாசி, பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார்.

"நான் ரெண்டும் இல்ல. நான் மாசி. அம்புட்டுதான்."

"அத அடைச்சு வச்சுச் சுட்டா வெடிக்காம என்ன செய்யும்?" என்றது குளவி. "எம்புள்ள வளந்ததும் கூட்டுச் சுவத்தத் தொளச்சுக்கிட்டு வெளிய வந்துரும். நீ செஞ்ச மண்டையில அதுக்கு வழி எங்க?"

மாசி அங்கேயே உட்கார்ந்து மண்ணைப் பிசைந்தார். சந்தோஷத்தில் கை நிற்கவே இல்லை. அடர்ந்த புருவம், தாடையில் நாலு முடி, மூக்கில் மூக்குத்தி, காதோரம் ஒரு செம்பருத்தி, இதுவரை ஊரில் யாருக்கும் காட்டாத சிரிப்பு. எல்லாம் அந்த ஒரே முகத்தில். பிறகு ஓர் ஈர்க்கை எடுத்தார். பின்மண்டையில் ஒரே குத்து. முகத்தில் ஓட்டை போட அதுவரை அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஒச்சப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சூளையில் அடுக்கினார்.

சூளை பிரிக்கிற அன்று ஊரே கூடிவிட்டது. மாசியின் முகம் செக்கச்செவேலென்று முழுசாக வெளியே வந்தது. ஒச்சப்பன் அதைப் புரட்டி, காதுக்குப் பின்னால் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். ஏனென்றால், அந்த ஊர் முகங்கள் எல்லாவற்றிலும் காதுக்குப் பின்னால் மயிரிழை போல ஒரு விரிசல் உண்டு. வருஷா வருஷம் எல்லாரும் சுண்ணாம்பு தடவி அதை மறைப்பார்கள், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். மாசியின் முகத்தில் விரிசலே இல்லை.

கரையில் வைத்தார்கள். குளத்துக் காற்று துளைக்குள் புகுந்து ஊதியது. முகம் பாட ஆரம்பித்தது. மழையும் வந்துவிட்டது, எல்லாரும் ஓடினார்கள்.

ஒச்சப்பன் மட்டும் நனைந்துகொண்டே கரையில் இருந்த தன் மண்முகத்தின் பக்கத்தில் நின்றார். சுண்ணாம்பு கரைந்து அவருடைய விரிசல் தெரிந்தது.

"மாசி," என்றார் மெதுவாக, "எனக்கும் ஒரு தொளை போட்டுக் குடு."

துளை விடுவது சூட்டில் உள்ளே அடைபடும் ஆவி போவதற்காக என்று சூளைக்காரர்கள் சொல்வார்கள், அதுவும் சரிதான். ஆனால் அன்று முதல்தான் யாருடைய தலையை மண்ணில் செய்தாலும், உள்ளே இருப்பது வெளியே வர, பின்னால் ஒரு துளை விட்டுச் சுடுகிறோம்.