பேன் விழுங்கிய குரல்

அந்தக் காலத்தில் காக்கை கதை சொல்லும், எருமை அதற்கு எதிர்க்கதை சொல்லும். பேன்கூடப் பேசும். பேச்சென்றால் முணுமுணுப்பு இல்லை, கணீரென்ற குரல். மனிதர் தலையிலேயே குடியிருக்கிற பிராணி என்பதால் அதற்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் நம்பிக்கை. எந்தத் தலையிலிருந்து எந்தத் தலைக்கு வந்தாய் என்று கேட்டால் வம்சாவளியோடு சொல்லும். ஆனால் அதுவரை யாரும் கேட்டதில்லை. பேன் அதுபாட்டுக்கு இருந்தது, தலையும் அதுபாட்டுக்கு இருந்தது.

அப்போது ஒரு கடலோர ஊரில் புன்னை மரத்தடியில் பள்ளிக்கூடம் நடந்துவந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்தார்கள். பாடம் சொல்ல ஒரு வாத்தியார் இருந்தார். முட்டி பெயர்ந்தால் பச்சிலை வைத்துக் கட்டவும், காலில் தைத்த முள்ளை எடுக்கவும், காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளவும் பூவாயி இருந்தாள். பிள்ளைகளின் எந்த நோவுக்கும் அவளிடம் ஒரு பச்சிலை உண்டு. பெற்றவர்களின் பயத்துக்குத்தான் இல்லை.

ஒருநாள் வடிவு என்பவள் தன் மகள் இசக்கிக்குத் தலை பின்னும்போது ஒரு பேனைக் கண்டாள். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குகிற ஊர் அது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. ஒருத்தி சாம்பிராணிப் புகை போட்டதில் பிள்ளைக்கு இருமல் வந்ததே தவிர, பேன் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஒரு தகப்பன், பேன் மிதந்து போய்விடும் என்று மகனைக் கழுத்தளவு வாய்க்கால் தண்ணீரில் நிறுத்திவைத்தான். அதைவிடப் பெரிய தப்பையும் செய்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பிள்ளைகளைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள். சோற்றுக் கிண்ணத்தைக்கூடத் தள்ளி வைத்தார்கள். யாரும் தொடாத தலையில் பேனுக்குக் கொண்டாட்டம்.

மறுநாள் காலை ஊரே புன்னை மரத்தடிக்குத் திரண்டு வந்தது. வாத்தியாருக்கு மரத்துக்குப் பின்னால் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது. பூவாயிதான் முன்னால் வந்தாள்.

"உக்காருங்க, பேசுவோம்" என்றாள்.

"உக்கார வரல பூவாயக்கா" என்றாள் வடிவு. "எம் புள்ள தலையில பேனு. எவ கொண்டாந்தான்னு எனக்குத் தெரியணும்."

"பேனுதான வடிவு. பாம்பா?"

"உனக்கென்ன, நீ சொல்லுவ. பெத்தவளுக்குல்லா தெரியும்."

பூவாயிக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனால் வடிவின் கண்கள் அழுது வீங்கியிருந்ததையும் அவள் பார்த்தாள். பயந்து போனவளிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

அதற்குள் எல்லார் கண்ணும் செல்லக்கனி மேல் போயிருந்தது. அவள் உப்பு வண்டிக்காரரின் மகள், தாயில்லாப் பிள்ளை. அந்த ஊருக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது, வாரிவிட ஆளில்லை.

"வேற யாரு, இவதான்" என்றது ஒரு குரல். "மொட்டையடிச்சு அப்பன் வண்டியிலேயே ஏத்தி விடுங்க. இனி இங்க படிக்க வரக்கூடாது."

செல்லக்கனி வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தலை அரித்தால் கை தன்னால் போய்விடும், போனால் பார்த்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

"எதுக்கு வீண் பேச்சு?" என்றார் தலைப்பாகை கட்டிய ஒருவர். "பேனையே கேப்போம். அது பொய் சொல்லாது."

பூவாயி இசக்கியின் தலையிலிருந்து அந்தப் பேனைச் சீப்பில் எடுத்தாள். "வெயில்ல மயங்கிக் கிடக்கு. நிழல்ல வச்சுத் தெளிய வச்சுக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு மரத்துக்குப் பின்னால் போனாள். அங்கே நின்ற வாத்தியாரை இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"எங்கேருந்து வந்த, என் காதோரமா மெதுவா சொல்லு" என்று கேட்டாள்.

"நான் பொறந்தது வடிவம்மா தலை" என்றது பேன். "அங்கேருந்து இசக்கி தலைக்கு வந்தேன். அவளும் செல்லக்கனியும் தலையோட தலை வச்சு ரகசியம் பேசுவாவ. எங்க ஆளுக கொஞ்சப் பேரு அப்படியே அங்க நடந்து போயிட்டாவ."

பூவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கூட்டத்தில் கணீரென்று சொன்னால் போதும், செல்லக்கனி தப்பிவிடுவாள். வடிவின் வாய்க்கும் ஒரு பூட்டு விழும். அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் மரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தபோது, இசக்கி அம்மாவின் சேலையைப் பிடிக்கப் போனாள். அம்மா விலகிக்கொண்டாள். பிள்ளை நீட்டிய கையோடு நின்றது.

செல்லக்கனி தப்பினால் இசக்கி வெயிலில் உட்காருவாள். அவளும் தப்பினால் நாளைக்கு இன்னொரு பிள்ளை. பேனுக்கு வாய் இருக்கிற வரைக்கும் ஏதாவது ஒரு பிள்ளை கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டுதான் இருக்கும்.

"நான் ஒண்ணு கேட்டா தருவியா?" என்றாள் பூவாயி. "உன் குரலைக் குடு."

பேன் திகைத்தது. "குரலு போனா நான் எப்படிப் பிழைக்க? தலை இங்க இருக்கு, வாங்கன்னு எங்க ஆளுகளைக் கூப்பிட வேண்டாமா?"

"கூப்பிடவே வேண்டாம். பிள்ளைக இருக்க வரைக்கும் ரகசியம் இருக்கும். ரகசியம் இருக்க வரைக்கும் தலையும் தலையும் சேரும். நீ பேசாம நடந்து போயிரு."

"என்னைப் பிடிப்பாவளே?"

"பிடிப்போம்." அதனிடம் பொய் சொல்லப் பூவாயிக்கு வரவில்லை. "பிடிச்சுக் குத்தத்தான் செய்வோம். ஆனா பிள்ளையை மடியில போட்டாத்தான உன்னைப் பிடிக்க முடியும்? உன்னால நாலு பிள்ளைக்கு மடி கிடைக்கும். அந்தப் புண்ணியம் உனக்கு."

பேன் சீப்பின் பல்லில் ஏறி இறங்கியது. காதோரம் படுத்துப் பிள்ளைகளின் ரகசியமெல்லாம் கேட்டு வளர்ந்ததுதானே அதுவும்.

"இசக்கிக்குச் செல்லக்கனின்னா உசுரு" என்றது. அதுதான் அது கடைசியாகப் பேசியது. பிறகு தன் குரலை மென்று விழுங்கிவிட்டது. அது விழுங்கியதும் எல்லாத் தலையிலும் இருந்த அதன் இனம் முழுவதும் குரலை விழுங்கிவிட்டது.

பூவாயி கூட்டத்தின் நடுவே சீப்பை நீட்டினாள். தலைப்பாகைக்காரர் கேட்டார். பேன் காலை அசைத்தது. மறுபடி கேட்டார். அப்போதும் காலைத்தான் அசைத்தது.

"ஊமைப் பேனுல்லா இது" என்றாள் வடிவு. "இனி எப்படிக் கண்டுபிடிக்க?" சொல்லிக்கொண்டே பின்னந்தலையைச் சொறிந்தாள். பக்கத்தில் நின்றவளும் சொறிந்தாள். கேட்டவர் தலைப்பாகைக்குள் விரலை விட்டார். பேன் பேன் என்று பேசிப் பேசி அங்கே யாருடைய கையும் கீழே இல்லை, செல்லக்கனியின் கையைத் தவிர. அது மெல்ல மெல்ல எல்லாருக்கும் தெரிந்தது. வண்டிப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

பூவாயி அந்தப் பேனைத் தன் தலையிலேயே விட்டுக்கொண்டாள். பிறகு செல்லக்கனியை நிழலுக்கு அழைத்து வந்து, அவள் கைகளைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள்.

"நல்லா சொறிஞ்சுக்கோ தாயி" என்றாள்.

பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, வேப்பெண்ணெய் தடவி, வகிடு வகிடாகப் பிரித்தாள். செல்லக்கனி முதலில் விறைத்துக் கிடந்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள். பிறகு அந்த விரல்களின் சுகத்தில் கண் சொக்கி அப்படியே உறங்கிப்போனாள்.

பார்த்துக்கொண்டே நின்ற வடிவு திடீரென்று இசக்கியை வாரி மடியில் போட்டுக்கொண்டு பூவாயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, என் தலையையும் கொஞ்சம் பாரேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். புன்னை நிழல் போகிற வரைக்கும் தலைக்குப் பின்னால் தலையாக ஊரே உட்கார்ந்தது.

வடிவின் தலையில் கொழுத்த பேன் ஒன்று அகப்பட்டது. பூவாயி அதை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்தாள். விழுங்கிய குரல் வயிற்றுக்குள்தானே கிடக்கிறது, நசுக்கும்போது வெளியே வந்து எதையாவது உளறிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் குத்தும்போதே "ஸ்ஸ்" என்று அடக்கினாள். 'டப்' என்ற சத்தத்தோடு போயிற்று.

"என்னக்கா?" என்றாள் வடிவு.

"ஒண்ணுமில்ல. தலையைக் குனி."

அன்று முதல்தான் பேனுக்குப் பேச்சில்லை. அன்று முதல்தான் நகத்தில் பேனைக் குத்துகிற பெண்கள் தங்களை அறியாமலே "ஸ்ஸ்" என்கிறார்கள். யார் தலையிலிருந்து வந்தாய் என்று சொல்லிவிடாதே, பிள்ளை பாவம் என்று அதற்கு அர்த்தம்.