நீலப்பருந்து விழுகிறான்

குரு என்றதும் வெள்ளைத் தாடியையும் ஆலமரத்தடியையும் தேடாதீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் செண்பகவல்லி. விருதுநகரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சி அறையில் உட்கார்ந்துகொண்டு மாதம் ஒரு சித்திரக்கதை இதழ் நடத்துகிறார். சீடர் வில்வநாதனுக்கு ஐம்பத்தொன்று. பாத்திரக் கடையில் சூப்பர்வைசர்.

வில்வநாதனுக்குச் சூப்பர்ஹீரோ பைத்தியம் நாலாம் வகுப்பில் பிடித்தது. எல்லாப் பையன்களுக்கும் பிடிக்கும், மீசை முளைத்ததும் விட்டுவிடும். இவருக்கு விடவே இல்லை. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக மணவறையில் உட்கார்ந்துகொண்டு, புது இதழ் வந்துவிட்டதா என்று மாப்பிள்ளைத் தோழனிடம் கேட்ட ஆசாமி. அவர் மனைவி அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். எந்த ஹீரோவுக்கு எந்தத் தோளில் தழும்பு, எந்த வில்லன் செத்து எப்படித் திரும்பி வந்தான், எல்லாம் அவருக்கு நுனிநாக்கில் இருக்கும்.

ஐம்பது வயதில்தான் எழுதும் ஆசை வந்தது. செண்பகவல்லி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு எழுதச் சொல்லிக் கொடுங்கம்மா."

"உட்காருங்க சார். கையைக் கட்டிக்கிட்டு எப்படி எழுதுவீங்க?" என்றார் குரு.

அப்படிப் பிறந்தவன்தான் நீலப்பருந்து. மேகத்துக்கு மேலே பறப்பான். துப்பாக்கிக் குண்டு அவன் நெஞ்சில் பட்டுத் தெறிக்கும். பயம் என்ற ஒன்றையே அறியாதவன். கதை வரத் தொடங்கிய இரண்டாவது மாதமே வாசகர்கள் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். வில்வநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செண்பகவல்லியின் இதழில் ஒரு வழக்கம் உண்டு. கதை ஆபத்தான இடத்தில் நின்றால், ஹீரோ எப்படித் தப்பிப்பான் என்று வாசகர்கள் யோசித்து எழுதிப் போட வேண்டும். சரியாகச் சொன்னவர் பெயர் அடுத்த இதழின் அட்டையிலேயே வரும். அதற்காக எழுத்தாளர்களுக்கு ஒரு சட்டம். ஹீரோவை ஆபத்தில் தொங்கவிடுகிறவர், விடையை முன்கூட்டியே குருவின் காதில் சொல்லிவிட வேண்டும்.

போன இதழில் வில்வநாதன் தன் ஹீரோவின் சக்தியை எல்லாம் வில்லனை வைத்துப் பிடுங்கினார். சாதாரண மனுஷனாக்கினார். பிறகு ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிட்டார். நீலப்பருந்து தலைகீழாக விழும் படத்தோடு கதை நின்றது.

"விடை?" என்று குரு கேட்டார்.

"உங்களுக்கும் சஸ்பென்ஸா இருக்கட்டுமேம்மா. எல்லாம் மனசுல இருக்கு."

மனசில் ஒரு மண்ணும் இல்லை. எழுதும்போது கிடைத்த குதூகலத்தில் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். பெரிய மனுஷன் வாயால் சொல்கிறாரே என்று குருவும் அந்த ஒரு தடவை சட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

இதழ் கடைக்குப் போனது. வில்வநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நீலப்பருந்து விழுந்துகொண்டே இருந்தான். இத்தனை வருஷம் படித்த கதைகளில் எத்தனை பேர் எப்படியெல்லாம் தப்பித்தார்கள் என்று அவருக்கு மனப்பாடம். ஒன்றுகூட இவனுக்குப் பொருந்தவில்லை.

போதாக்குறைக்கு நித்திலா. அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண், இதழின் தீவிர ரசிகை. வில்வநாதன் படியேறும்போதெல்லாம் வழியை மறித்துக்கொள்வாள்.

"மாமா, போர்வையை விரிச்சுத்தானே தப்பிக்கிறான்? அதுல காத்துப் பிடிச்சுக்கும்ல?"

நீலப்பருந்தின் முதுகில் ஒரு நீலப் போர்வை உண்டு. சூப்பர்ஹீரோ என்றால் முதுகில் ஏதாவது பறக்க வேண்டுமே.

"பார்ப்போம், பார்ப்போம்" என்று சிரித்து மழுப்புவார். இல்லை என்று சொன்னால், வேறு என்ன என்று கேட்பாளே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரால் தாங்க முடியவில்லை. குருவிடம் வந்து உண்மையைக் கொட்டிவிட்டார்.

"எனக்கு விடை தெரியாதும்மா. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அவனை எப்படிக் காப்பாத்துறது?"

செண்பகவல்லி திட்டவில்லை.

"தள்ளிவிடும்போது கீழே எட்டிப் பார்த்தீங்களா சார்?"

"கீழேயா? கீழே என்ன இருக்கு?"

குரு பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தெருவிலிருந்து, வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரின் குரல் கேட்டது.

"ஐயோ, மாடியில பிள்ளை! யாராவது ஓடுங்கய்யா!"

இருவரும் மொட்டை மாடிக்கு ஓடினார்கள்.

நித்திலா கைப்பிடிச் சுவரின் மேல் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் நீலச் சேலையை முதுகில் போட்டு, ஒரு முனையைக் கழுத்திலும் இரண்டு முனைகளை மணிக்கட்டிலும் முடிந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் மூன்று மாடி ஆழம். காற்று சேலையை உப்ப வைத்து உப்ப வைத்து விட்டது. வில்வநாதனுக்கு ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். பறப்பவர்களின் கதையாகத் தேடித் தேடிப் படித்த மனுஷன், பரண்மேல் ஏற ஆள் கூப்பிடுவார்.

"பாப்பா, இறங்கும்மா" என்று ஓரடி வைத்தார்.

"வராதீங்க மாமா. சேலையை மிதிச்சிருவீங்க." அவள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் அவருக்கு உயிரே போகிற மாதிரி இருந்தது. "நான் சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க. இப்ப செஞ்சு காட்டுறேன். என் பேரு அட்டையில வரும்ல?"

"அது சும்மா கதைம்மா. நீலப்பருந்துன்னு யாருமே கிடையாது."

"அது எனக்குத் தெரியாதா?" நித்திலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன சின்னப் பிள்ளையா? கதைதான். ஆனா விடை சரியா இருக்கணும்ல? உங்களுக்குத் தெரியும்ல? அப்ப சொல்லுங்க."

வில்வநாதன் குருவைத் திரும்பிப் பார்த்தார். செண்பகவல்லி அப்படியே வெயிலில் காய்ந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வில்வம் சார், அடுத்த பாகத்தைச் சொல்லுங்க. நானும் இன்னும் கேட்கலை."

"அம்மா, எனக்குத் தெரியாதுன்னு இப்பத்தானே..."

"தெரியுமான்னு நான் கேட்கலை. சொல்லுங்க."

வில்வநாதன் தொண்டையைச் செருமினார்.

"அப்போ... அப்போ வானத்துல ஒரு விண்கலம் வந்துச்சு..."

"பொய்" என்றாள் நித்திலா. "விண்கலம்தான் பொங்கல் இதழ்லயே வெடிச்சிருச்சே. நீங்கதானே எழுதுனீங்க?"

"சரி, சரி. விழறதா அவன் கனவு..."

"கனவா?" அவள் முகம் சுளித்தாள். "சீ, போங்க மாமா." தெருப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்தாள். சேலை எழும்பியது. குதிகால் ஒன்று சுவரை விட்டு உயர்ந்தது.

"அவன் பயந்துட்டான்!"

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று வில்வநாதனுக்கே தெரியவில்லை.

நித்திலா தலையை மட்டும் திருப்பினாள். "யாரு?"

"நீலப்பருந்து."

"அவன் பயப்பட மாட்டானே."

"அன்னிக்குப் பயந்துட்டான். சக்தி எல்லாம் போயிருச்சுல்ல? கை காலெல்லாம் உதறுது. அடிவயித்துல என்னமோ பிசையுது. அம்மான்னு கத்துறான்."

"அம்மான்னா கத்துனான்?"

"ஆமா."

குதிகால் சுவருக்குத் திரும்பியது. "அப்புறம்?"

"நீ சொன்னதைத்தான் அவனும் நினைச்சான். போர்வையை விரிச்சான்." வில்வநாதன் ஓரடி வைத்தார். அவள் கவனிக்கவில்லை. "காத்து அதை ஒரு சுருட்டு சுருட்டி அவன் மூஞ்சிலயே போட்டுச்சு."

"போர்வையில காத்து நிக்கலையா?"

"நிக்கலை. துணிதானேம்மா."

நித்திலா தன் மணிக்கட்டில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு, முதல் தடவையாக, கீழே பார்த்தாள். அவள் முழங்கால் லேசாக ஆடியதை வில்வநாதன் கண்டார். வந்த பயம் அவளைத் தள்ளிவிட்டால்?

"உட்கார்ந்து கேளு பாப்பா. கதை பெருசு."

அவள் மெதுவாகச் சுவரின்மேல் உட்கார்ந்தாள். கால்கள் இன்னும் வெளியேதான் தொங்கின.

"கீழே யாரு இருந்தா மாமா?" குரல் சின்னதாகிவிட்டது. "அவனைப் பிடிக்க?"

வில்வநாதனால் இப்போது பொய் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

"யாருமே இல்லை."

"ஏன்?"

"எழுதுனவன் யாரையும் நிறுத்தி வைக்கலை. தள்ளிவிட்டுட்டுப் போயிட்டான்."

"எழுதுனது நீங்கதானே?"

"நான்தான்."

நித்திலாவின் உதடு பிதுங்கியது. "அப்ப இப்பவாவது யாரையாவது நிறுத்துங்க மாமா" என்றாள். அழுகை வந்துவிட்டது. "சீக்கிரம் நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன். இதோ நிக்கிறேன் பாரு." சுவருக்கு அருகே போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"உங்க கை நடுங்குது."

"நடுங்கத்தான் செய்யும். விட மாட்டேன். காலை மட்டும் இந்தப் பக்கம் போடு."

அவள் ஒரு காலை உள்ளே போட்டாள். அடுத்த கால் சேலையில் சிக்கியது. உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தது. வில்வநாதன் பாய்ந்து, சேலையும் பிள்ளையுமாக அள்ளி இழுத்தார். இருவரும் தரையில் விழுந்தார்கள். அவர் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. முடிச்சுகளை அவிழ்க்க அவர் விரல்களுக்குத் தெம்பில்லை. நித்திலாவே அவிழ்த்தாள்.

இஸ்திரிக்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே போனார். படியிறங்கும்போதும் அவள் தேம்பிக்கொண்டுதான் இருந்தாள். நடுவில், "அப்ப என் விடை தப்பா?" என்று அவரிடம் கேட்பது காதில் விழுந்தது.

வில்வநாதன் எழுந்திருக்கவில்லை. சுவரை விட்டு நகர்ந்து நகர்ந்து குருவுக்கு எதிரே வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை.

"நீங்க எப்படிம்மா அந்த நேரத்துல அவ்வளவு நிதானமா உட்கார்ந்தீங்க?"

"நிதானமா?" செண்பகவல்லி சிரிக்க முயன்றார், முடியவில்லை. "கால் நிக்கலை சார். இப்பவும் எந்திரிக்க முடியலை."

கீழ்வீட்டில் யாரோ குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

"வாழ்நாள் முழுக்க இதைத்தான் படிச்சேன்" என்றார் வில்வநாதன். "எத்தனை பேரு விழுந்தாங்க, எத்தனை பேரு செத்தாங்க. ஒருத்தனுக்காகவும் நான் பயந்ததில்லை. அடுத்த பக்கம் திருப்பினா வந்துருவான்னு தெரியும். எழுதறதும் அப்படித்தான்னு நினைச்சேன். இனிமே பேனாவைத் தொட மாட்டேன்மா. என்னை விட்டுருங்க."

"வெள்ளிக்கிழமை அச்சு."

"முடியாதும்மா. நினைச்சாலே நடுங்குது. ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பிள்ளை சுவத்துல நிக்கிற மாதிரியே இருக்கும். இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு ஒருத்தன் எப்படி எழுதுவான்?"

செண்பகவல்லி தரையில் கையை ஊன்றி, மெல்ல எழுந்து நின்றார். நீலச் சேலையை எடுத்து உதறி மடித்தார்.

"அந்தப் பயம் விட்டுப்போனா வந்து சொல்லுங்க சார். அன்னிக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."