செங்கோடனின் மச்சினன்

“ஃபோனத் தொறந்தா நாத்திகருங்க தொல்லை தாங்க முடியலீங்க, ஐயா. தெருவுல எறங்குனா ஒருத்தரையுங் காணமுங்க. அத்தன பேரும் எங்கீங்க போயி ஒளிஞ்சுக்கறாங்க?”

கேட்டவர் செங்கோடன். மாவு மில்லை மகனிடம் விட்டுவிட்டு, தாராபுரத்துக்குத் தெற்கே அமராவதிக் கரையில் இருக்கும் மடத்துக்குத் தினமும் வந்துபோகிறவர்.

குருவின் பேச்சைப் படம் பிடித்து யூடியூபில் போடுவது அவர் வேலை. அதன் கீழே யார் என்ன எழுதினாலும் பாய்ந்து பதில் எழுதுவதும் அவர்தான். இரண்டாவது வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை.

குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். அப்போது கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன எழுதறாங்க?”

“உங்களப் பத்தித்தானுங்க.”

“வாசிங்க, கேக்கலாம்.”

செங்கோடன் கண்ணாடியை மாட்டினார். ஃபோனைத் தூரமாகப் பிடித்தார். பக்கமாகப் பிடித்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

“எழுத்துத் தெரியலையா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

“அப்புறம்?”

“உங்க மூஞ்சியப் பாத்துட்டு இதை எப்படீங்க வாசிக்கறது?”

“எழுதினது நீங்க இல்லையே.”

“நானில்லீங்க. இருந்தாலும் நாக்கு வரமாட்டேங்குது. நீங்களே படிச்சுக்கங்க.”

ஃபோனை நீட்டினார். குரு வாங்கவில்லை. கையெல்லாம் சேறு.

“சரி, அதை விடுங்க. நீங்க எழுதின பதிலை வாசிங்க. அது உங்க சொந்தச் சொல்லுத்தானே.”

செங்கோடன் விரலால் தள்ளித் தள்ளித் தேடி எடுத்தார்.

“அடேய்...” என்று முதல் சொல்லை வாசித்தார்.

அதோடு நின்றுவிட்டார். காது இரண்டும் சிவந்துபோனது.

“யாருக்கு எழுதினீங்க?”

“எம் மச்சினனுக்குங்க.”

குட்டு உடைந்தது. உலகத்து நாத்திகர்களைப் பற்றிக் கேட்க வந்தவருக்கு ஒரே ஒரு நாத்திகர்தான் பிரச்சினை.

மச்சினன் பெயர் வெள்ளிங்கிரி. செங்கோடனின் மனைவி தெய்வானைக்குத் தம்பி. கல்லூரி நாளில் பெயரை இளஞ்செழியன் என்று மாற்றிக்கொண்டார். ஊர்தான் மாறவில்லை, இன்றைக்கும் வெள்ளிங்கிரி என்றே கூப்பிடுகிறது. இணையத்தில் மட்டும் அவர் இளஞ்செழியன்.

“முன்னாலயும் இப்படித்தானா?” என்று கேட்டார் குரு.

“முன்னால நேராத்தானுங்க சண்ட. ஞாயித்துக்கிழமையானா நாச்சிமுத்து டீக்கடை பெஞ்சுல அவுரு அந்தத் தலையில, நானு இந்தத் தலையில. சாமி இருக்குதா இல்லியான்னு ஆரம்பிச்சா, கடைக்காரர் வெளக்க அமத்தித்தான் எங்களை எழுப்போணும்.”

“யார் ஜெயிப்பீங்க?”

“நாச்சிமுத்துதானுங்க. அத்தன டீ விக்குமே.”

குரு சிரித்தார். செங்கோடனும் சிரித்தார். சிரித்த பிறகு அவருக்குப் பேச்சு தானாக வந்தது.

“எம் பொண்ணுக்குக் குலதெய்வங் கோயில்ல மொட்டையெடுத்துக் காது குத்தினமுங்க. தாய்மாமன் மடி வேணுமே. கருப்புச் சட்டையோட வந்து சப்பணம் போட்டு உக்காந்துட்டாருங்க. மொட்டையடிக்க வந்தவரு கேலி பண்ணினாரு, ‘கோயிலுக்குள்ளயுமா கருப்பு?’ன்னு. ‘சட்டைய நீங்க பாக்காதீங்க, புள்ளையப் பாத்துக் கத்தியப் புடிங்க’ன்னாருங்க. புள்ள அழுது அவுரு வேட்டிய நனைச்சுப்போட்டா. அப்பவும் ஆடல, அசையல.”

“அப்புறம்?”

“எங்கூட்டுக்காரி பழனிக்கு நடந்தா, பையத் தூக்கிட்டுக் கூடவே நடப்பாருங்க. ‘என்னப்பா, நீயுமா?’ன்னு வழியில கேப்பாங்க. ‘அக்கா நடக்கறா, பை கனமா இருக்குது’ம்பாரு. அடிவாரம் வரைக்கும் வருவாரு. மலை மேல ஏறமாட்டாரு. நாங்க எறங்கி வர்ற வரைக்கும் செருப்புக்குக் காவல் இருப்பாரு.”

அந்த நாட்கள் திரும்ப வராதா என்று இருந்தது செங்கோடனுக்கு. அதை அப்படியே சொல்லவும் சொன்னார்.

குரு மண்வெட்டியால் மடையை அடைத்தார்.

“பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம்னீங்களே. மாமனை அழைச்சாச்சா?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“அந்தப் பதிலை எழுதின நாள்லருந்து நேருல பேச்சே இல்லீங்க. தம்பி வராத மணவறையில நா நிக்கமாட்டேன்னு எங்கூட்டுக்காரி ஒத்தக்கால்ல நிக்கறா. பொண்ணும் அப்படித்தானுங்க. மாமன் கையால மாலை எடுத்துக் குடுக்காம கழுத்த நீட்டமாட்டாளாம்.”

“அப்பப் பத்திரிகையை எடுத்துட்டுப் போங்க. போயி, எழுதினதை அவர் முன்னால வாசிச்சுக் காட்டிட்டு வாங்க.”

“எதைங்க?”

“முதல் சொல்லோட நின்னுதே, அதைத்தான்.”

*

மறுநாள் செங்கோடன், மச்சினன் இருக்கும் உடுமலைக்குப் பஸ் ஏறினார்.

கதவைத் திறந்தவர் வெள்ளிங்கிரி. நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

செங்கோடன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு வருடத்துப் பேச்சில்லாமை, வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த முன்னுரை, எல்லாம் மறந்துபோனது.

“மாப்ளை, இதென்னங்க கோலம்?”

“பேத்தி வெச்சுட்டாளுங்க, மச்சான். அழிச்சா அழுவா. உள்ள வாங்க.”

வெள்ளிங்கிரிக்கு ஒரே மகள். மாப்பிள்ளையும் மகளும் பேத்தியும் அவரோடுதான் இருந்தார்கள். உள்ளே சாமி அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிங்கிரியின் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, ‘அண்ணி சௌக்கியமா’ என்று கேட்டுவிட்டு, இவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

“மடத்துல ஐயா ஒண்ணை வாசிக்கச் சொன்னாருங்க.”

“வாசிங்க.”

செங்கோடன் ஃபோனை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். இந்தத் தடவை முதல் சொல்கூட வரவில்லை.

வெள்ளிங்கிரி சற்றுப் பொறுத்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு தானே சொன்னார்.

“‘அடேய், உனக்குக் கொள்ளி வைக்க ஒரு பையன் இல்லை. அப்பவே தெரியலையா சாமி இருக்குன்னு.’ இதுதானுங்களே?”

ஒரு எழுத்து பிசகவில்லை.

செங்கோடன் ஃபோனைத் தரையில் வைத்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மில் வைத்திருந்த ஆள், நாலு பேரை அதட்டி வேலை வாங்கினவர், மச்சினன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

“தப்புப் பண்ணிப்போட்டனுங்க, மாப்ளை.”

“விடுங்க, மச்சான். நான் மட்டும் உங்க ஐயாவைச் சும்மா விட்டனா?”

அழுகை அடங்கியதும் செங்கோடனுக்குப் பழைய கேள்வி வந்தது. அவர் அப்படித்தான். எத்தனை அழுதாலும் கேள்வியை விடமாட்டார்.

“இத்தன எழுதறீங்களே. தெருவுல ஒரு சொல்லுப் பேசறதில்லியாமே நீங்க?”

“யாருகிட்டங்க பேசறது? நாச்சிமுத்து கடை மூடி எத்தன காலமாச்சு. கூட வேலை பாத்தவங்க வந்தா சர்க்கரை, பிரஷர், அதோட பேச்சு முடிஞ்சுது. வீட்டுல மக வெளக்குப் பொருத்தறா. அவ மூஞ்சிய வாட வெச்சு நான் என்னங்க ஜெயிக்கப்போறேன்?”

“அதுக்கு எங்க மடந்தானா கெடச்சுது?”

“நீங்க அங்கதானுங்க இருக்கறீங்க.”

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தார்.

“எழுதிப்போட்டு ஃபோனைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருப்பேன், மச்சான். ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள உங்க பதில் வந்துரும். வைதாலும் நீங்கதான வையறீங்க.”

மடத்தில் ஒவ்வொரு சாயங்காலமும் முதலில் இளஞ்செழியன் என்ற பெயரைத்தான் செங்கோடனும் தேடுவார்.

பத்திரிகையை எடுத்து நீட்டினார். வெள்ளிங்கிரி இரண்டு கையாலும் வாங்கினார். மருமகளின் பெயர் அச்சில் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஐயா வர்றாருங்களா கல்யாணத்துக்கு?”

“வர்றாருங்க. அவர் ஆசீர்வாதம் பண்ணோணும்னு பையன் வீட்டுலயும் கேட்டுருக்கறாங்க.”

வெள்ளிங்கிரியின் முகம் தொங்கிப்போனது.

“அவரைக் காவி கட்டின முதலாளின்னேன். ஊரை ஏமாத்தறவருன்னேன். எல்லாத்தையும் படிச்சிருப்பாரே. எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவர் முன்னால நிக்கறது, மச்சான்? என்னால ஆகாதுங்க.”

*

செங்கோடன் மடத்துக்குத் திரும்பினார். நடந்ததைச் சொன்னார்.

“உங்க முன்னால நிக்க முடியாதுங்கறாருங்க, ஐயா.”

“அப்ப நான் வரலை.”

“ஐயா...”

“சாமியாருங்க ஊருக்குள்ள நிறையப் பேர் இருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு மாமன் ஒருத்தர்தானே.”

செங்கோடன் வாதாடிப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். குரு கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் பறித்தார். போகும்போது ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார், கல்யாண வீட்டுச் சாம்பாருக்கு.

ஐயா வரமாட்டார் என்று மட்டும் செங்கோடன் மச்சினனுக்குச் சொல்லி அனுப்பினார். காரணத்தைச் சொல்லவில்லை.

*

தாராபுரத்தில் நடந்த கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவர் வெள்ளிங்கிரிதான்.

வந்ததும் சமையல்காரரோடு சண்டை போட்டார். பந்தல்காரரோடு சண்டை போட்டார். தெய்வானைக்குத் தம்பியின் குரல் கேட்டதும் உயிர் வந்தது. தம்பி கையைப் பிடித்தவர் விடவேயில்லை. மணப்பெண் மாமனின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள், போட்ட மை எல்லாம் அவர் சட்டையில் ஒட்டியது. மண்டபமே அவரைச் சுற்றி வந்தது.

முகூர்த்தம் நெருங்கியது. மாலைத் தட்டை வாங்கப்போன வெள்ளிங்கிரி, முன்வரிசையைப் பார்த்தார். பட்டுத்துணி விரித்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. குரு வரவில்லை என்று தெரிந்தும், அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

“ஐயா ஏனுங்க வரல, மச்சான்? உடம்புக்கு ஆகலியா?”

செங்கோடனுக்குப் பொய் சொல்லத் தெரியும். அன்றைக்கு வரவில்லை.

“நீங்க வரோணும்னுதானுங்க.”

வெள்ளிங்கிரி புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. மாலைத் தட்டை அக்காவின் கையில் வைத்தார்.

“யாரும் இதைத் தொட வேண்டாம்.”

யாருடைய வண்டிச் சாவியையோ பிடுங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மண்டபத்தில் பேச்சு எழுந்தது. மாமன் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். ஐயர் நேரத்தைப் பார்த்தார். மணமேடையில் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. தெய்வானை தட்டைப் பிடித்தபடி கணவனைப் பார்த்த பார்வையில், செங்கோடன் தூணோடு தூணாகிப்போனார். உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார்.

*

மடத்தில் குரு துவைத்த வேட்டியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கன்னத்தில் கல்யாணச் சந்தனம் வழிய, மூச்சு வாங்க ஒருவர் இறங்கினார். குரு அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தாலும் தெரிந்துவிட்டது.

“வாங்க, வாங்க. உள்ள வாங்க.”

“இல்லீங்க. மொதல்ல ஒண்ணைச் சொல்லிப்போடறேன். ஃபோன்ல எழுதுனது போதுமுங்க, உங்க முன்னால நின்னு சொல்லோணும்.”

“சொல்லுங்க.”

டீக்கடை பெஞ்சில் வெள்ளிங்கிரி எத்தனையோ தடவை சொன்ன சொல். அன்றைக்குச் சட்டென்று வரவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பிறகு அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“கடவுள் இல்லீங்க.”

“சரிங்க.”

குரு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

“கல்யாணம் இருக்குதில்லீங்களா? வண்டியை எடுங்க.”