புளியோதரைக்கு டிக்கெட் உண்டா?

கோணக்கிணற்று ஆட்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் என்னென்னவோ சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் புத்தி உண்டு. நிறையவே உண்டு. அது போகிற வழிதான் கொஞ்சம் வேறே.

அந்த ஊர் வெயிலுமுத்து தன் மகள் இசக்கியம்மாளை நாக்பூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தான். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரக் கிளம்புகிற சமயம், மகள் போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யப்பா, முந்திரிக்கொத்து திங்கணும்போல இருக்கு. இங்க எங்க தேடியும் கிடைக்கல. நினைச்சாலே அழுகையா வருது."

வெயிலுமுத்துவுக்கும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே பாசிப்பயறு வறுத்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, வீட்டில் முந்திரிக்கொத்து சுட்டார்கள். ஒரு தகர டின் நிறைந்தது. மூடியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். அந்த டின் குறையாமல் மகள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு கவலையே இல்லை.

துணைக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவன் நயினார், பசி தாங்க மாட்டான். இன்னொருவன் சுடலைக்கண்ணு. எட்டாம் வகுப்பிலேயே மூன்று வருஷம் இருந்தவன் என்பதால், மற்றவர்களைவிட அதிகம் படித்தவன் என்று ஊரில் பெயர்.

"மாமா, ஸ்லீப்பர் டிக்கெட்டுல சாப்பாடு சேத்தி இல்ல. கையோட கொண்டு வந்துருங்க" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அதனால் ஒரு தூக்குவாளி நிறையப் புளியோதரை கொண்டுவந்தார்கள்.

வண்டி மதுரை தாண்டியது. நயினாருக்கு வயிறு கூப்பிட ஆரம்பித்தது. அந்தப் பக்கமாக வந்த டிடிஆரிடம், "சார், சாப்பாடு எப்ப வரும்?" என்று எதற்கும் கேட்டுவைத்தான்.

"இந்த டிக்கெட்டுல சாப்பாடு கிடையாதுய்யா. ஆளுக்கு ஒரு படுக்கை, கூடக் கொஞ்சம் சாமான். அவ்வளவுதான்."

அவர் போனதும் நயினார் தூக்குவாளியைத் திறந்தான். சுடலைக்கண்ணு அவன் கையைப் பிடித்தான்.

"என்னவே பண்ணுத?"

"சாப்பிடப் போறேன்."

"டிக்கெட்டுல சாப்பாடு கிடையாதுன்னு இப்பத்தானே சொல்லிட்டுப் போறாரு."

"இது நம்ம வீட்டுச் சோறுவே."

"வாளிக்குள்ள இருக்கிறவரைக்கும் அது சாமான். சாமான் கொண்டுபோவலாம். உன் வயித்துக்குள்ள போயிட்டா அது சாமானா? உனக்கு டிக்கெட்டு இருக்கு. உனக்குள்ள இருக்கிற புளியோதரைக்கு இருக்கா?"

நயினார் வாளியை மூடினான். "மாப்பிள்ளையும் கொண்டுவரத்தான் சொன்னாரு. சாப்பிடச் சொல்லலையே" என்று வெயிலுமுத்துவும் ஒத்துப் பாடினான்.

எதிர் இருக்கையில் ஓர் அம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். துணிந்த பொம்பளைதான் என்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேசாம கவர்மெண்டே டிக்கெட்டோட சாப்பாட்டையும் சேர்த்துரலாம்லா?" என்றான் நயினார்.

"சேர்த்தா வண்டி பூரா ஒரே நேரத்துல சாப்பிடும். அத்தனை பேரும் கனத்துப்போனா இஞ்சின் இழுக்குமாவே?" என்றான் சுடலைக்கண்ணு.

"அதுவும் போக, விரதம் இருக்கிறவன் ஒருத்தன் வாரான்னு வையி" என்றான் வெயிலுமுத்து. "அவனும் சாப்பாட்டுக்குக் காசு கட்டிட்டான். அவன் பங்கை வேற யாரோ சாப்பிட்டுட்டான். இவன் விரதம் முறிஞ்சுதா, முறியலையா?"

விரதக்காரனுக்காகக் கவலைப்பட்டபடி மூவரும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நயினாரின் கண் மெல்ல டின் பக்கம் போயிற்று. வெயிலுமுத்து டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இவன் வயிற்றில் எதையாவது போடாவிட்டால் முந்திரிக்கொத்து தப்பாது. பதற்றத்தில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"சாமானுக்குள்ள சோறு இருக்கலாம்லா? அப்ப நாம சாமானாப் போயிருவோம்."

சுடலைக்கண்ணுவே அசந்துபோனான். இட்லி அம்மாள் கை கழுவப் போயிருந்தாள். மூவரும் இருக்கைக்கு அடியில் பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து, படுத்த வாக்கில் புளியோதரையைச் சாப்பிட்டார்கள். டின்னை மட்டும் வெயிலுமுத்து கீழே கொண்டுவரவில்லை. நயினார் வாய்க்குப் பக்கத்தில் அதை வைக்கப் பயம். காசு கொடுத்த படுக்கை சும்மாவா கிடக்க வேண்டும் என்று, தன் இடத்தில் டின்னை வைத்திருந்தான்.

டிடிஆர் திரும்பி வந்தார். ஆட்களைக் காணோம். கயிறு கட்டிய டின் ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது.

"இது யாரோடது?"

கை கழுவி வந்த அம்மாள் தெரியாது என்றாள். கீழே வெயிலுமுத்து வாயைத் திறந்தான். சுடலைக்கண்ணு பொத்தினான். "சாமான் பேசுமாவே?"

"கேட்க ஆளில்லாத டின்னு. அடுத்த ஸ்டேஷன்ல போலீஸ்கிட்ட கொடுத்துற வேண்டியதுதான்" என்றார் டிடிஆர்.

வெயிலுமுத்துவுக்கு மகளின் குரல் காதில் கேட்டது. பொத்திய கையைத் தள்ளிவிட்டு வெளியே உருண்டு வந்து, டிடிஆரின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, டின்னை விட்டுருங்க. அது என் பிள்ளை ஆசையாக் கேட்டது. வேணும்னா என்னைப் பிடிச்சுக் கொடுங்க. நான் சாப்பிட்ட ஆளு."

விஷயம் புரிய டிடிஆருக்கு வெகுநேரம் ஆயிற்று. புரிந்த பிறகு சிரித்து முடிக்க அதைவிட நேரம் ஆயிற்று. "உங்க சாப்பாட்டை நீங்க சாப்பிடுங்கய்யா. வயித்துக்குள்ள இருக்கிற சோத்துக்கு யாரும் டிக்கெட் கேட்க மாட்டாங்க" என்று டின்னை அவன் மடியிலேயே வைத்தார்.

நாக்பூரில் இசக்கியம்மாள் மூடியைத் திறந்து ஒன்றைக் கடித்தாள். கண்ணில் நீர் வழிய வழியத் தின்றாள். வெயிலுமுத்துவுக்கு உயிர் வந்தது.

"ஊருக்குப் போக நாலு டிக்கெட் போட்டாச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை.

சுடலைக்கண்ணு விரல் விட்டு எண்ணினான். "அஞ்சுல்லா வேணும்? வயித்துக்குள்ள பிள்ளை இருக்கே."

"அதுக்கு எதுக்கு டிக்கெட்?"

"வயித்துக்குள்ள இருக்கிற சோத்துக்குத்தான் கேட்க மாட்டோம்னாரு. ஆளுக்குக் கேட்க மாட்டோம்னு அவரு சொல்லலையே."

வெயிலுமுத்து பதறிப்போனான். "போட்டுருங்க மாப்ளே. கீழ்ப் படுக்கையாப் பாத்துப் போடுங்க, விழுந்துரப் போவுது."

"வழியில பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்யும்?" என்றான் நயினார்.

"ஆத்தா சாப்பிட்டா அதுக்கும் போயிரும்வே. அதுக்கு மட்டும் சாப்பாடு சேத்தி" என்றான் சுடலைக்கண்ணு.

நயினார் உடனே மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அந்த அஞ்சாவது டிக்கெட்டை என் பேருல மாத்திக் கொடுங்க. பிள்ளை என் படுக்கையில படுத்துக்கிடட்டும்."