இது எந்த மணி

கிட்ட வந்து உட்காரு. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது மெதுவாகச் சொல்ல வேண்டிய கதை.

மலையடிவாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புக்குச் சுற்று ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடங்களிலிருந்து புதுப் பிள்ளைகள் வருவார்கள். அந்த வகுப்புக்கு வாத்தியார் திரவியம் சார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் தலைமையாசிரியை அறை வாசலில் போய் நின்றார்.

"டீச்சர், ஆறாம் வகுப்பை வேற யார்கிட்டயாவது குடுத்திருங்க."

தலைமையாசிரியை பேர் எஸ்தர். பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். பெரிய டீச்சர் என்றாலும் திரவியம் சாருக்குத் தங்கச்சி வயசுதான் இருக்கும். ஆனாலும் அங்கே எந்த வாத்தியாருக்கு மனசு சரியில்லை என்றாலும் அவரிடம்தான் போவார்கள். அவர் அதிகம் பேசாததால் இருக்கலாம்.

"என்ன செய்யுதுங்க பிள்ளைங்க?"

"ஒண்ணும் செய்யல டீச்சர். அதான் பயமா இருக்கு. பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு, ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. கீழே வைக்கச் சொன்னா வைக்குது. நான் திரும்பி போர்டுல எழுதினா மறுபடியும் மடிக்கு வந்திருது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் செஞ்சாச்சு. எந்த நேரம் எந்தப் பாடம்னு சுவத்துல கலர்ல எழுதிப் போட்டேன். பாட்டுக்கூடப் பாடினேன், எனக்குப் பாட வராது. பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு பாடத்துக்குப் பாடம் சொல்லுதேன்."

"பாடத்துக்குப் பாடமா?"

"ஆமா."

"அதுலயே பாதிப் பிள்ளைக்குப் பயம் வந்திருக்கும்."

திரவியம் சார் சிரிக்கவில்லை.

"இசக்கி இன்னைக்கும் வரல டீச்சர்" என்றார்.

இசக்கி யார் என்று சொல்கிறேன்.

மலைமேலே ஊசிப்பாறை என்று ஒரு சின்ன ஊர். அங்கே அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் உண்டு. ஒரே அறை, ஒரே வாத்தியார், தரையில் பாய். அந்த வருஷம் அங்கே அஞ்சு முடித்தது இசக்கியம்மாள் ஒருத்திதான். அதனால் ஆறாம் வகுப்புக்குக் கீழே இறங்கி வந்ததும் அவள் ஒருத்திதான்.

முதல் நாள். முதல் பாடம் முடிந்து மணி அடித்தது.

இசக்கி எழுந்தாள். பையைத் தோளில் போட்டாள். சோற்றுத் தட்டைக் கையில் எடுத்தாள். வகுப்பைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஏழாம் வகுப்பு ஜன்னல் முழுக்கத் தலைகள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு சத்துணவுக் கூடம் வரைக்கும் கேட்டது.

அன்றிலிருந்து அவள் பேர் வீட்டு மணி. பள்ளிக்கூடத்தில் எப்போது மணி அடித்தாலும், எங்கேயிருந்தாவது ஒரு குரல் வரும்.

"ஏட்டி வீட்டு மணி. மணி அடிச்சாச்சு, கிளம்பலையா?"

மணி அடிக்கும்போதெல்லாம் அவள் இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். தன்னை அறியாமல் எழுந்துவிடக் கூடாது அல்லவா.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை. உண்மையான வீட்டு மணியே அடித்தது, மழைச் சத்தத்தில் நீளமா குட்டையா என்று தெரியாதபடி. எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். ஓடுகிற போக்கில் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை நல்ல மனசோடுதான் சொன்னாள், "மணி அடிச்சாச்சுட்டி, கிளம்பலையா?"

இசக்கி பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குடையை மறந்து வைத்துவிட்டுப் போன திரவியம் சார் திரும்பி வந்தபோது வகுப்பு இருட்டிக்கொண்டிருந்தது. ஊசிப்பாறை பஸ் போய்விட்டது. கடைசிப் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவள்.

"ஏம்மா போகல?"

அவள் கேட்டாள், "இது எந்த மணி சார்?"

திரவியம் சார் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார். வழி முழுக்கப் பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே போனார். திங்கட்கிழமை அவள் வரவில்லை.

அவள் அப்பா கொம்பையா போனில் சொன்னது இது. "படிப்பு அவளுக்கு ஒட்டல சார். எங்க அக்கா ஞாயித்துக்கிழமை வருது. அங்க வீட்டுல கைப்பிள்ளை இருக்கு. இவ கூடப் போயி அதைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

இதையெல்லாம் திரவியம் சார் ஒரே மூச்சில் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிட்டான்னா அவ்வளவுதான் டீச்சர். அப்புறம் அவ எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வரமாட்டா. நான் எதைச் சொன்னா வருவா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே போயிச் சொல்லிருதேன்."

எஸ்தர் டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

"ஊசிப்பாறைப் பள்ளிக்கூடத்துல மணி எப்படி அடிப்பாங்க?"

"அது எதுக்கு டீச்சர் இப்போ?"

"தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்குக் காலையில போங்க. சாயங்காலம் வரைக்கும் அங்க பிள்ளைங்களோட உட்கார்ந்திருங்க. யார்கிட்டயும் எதையும் விசாரிக்காதீங்க. திரும்பி வந்து சொல்லுங்க."

திரவியம் சாருக்குக் கோபம். பிள்ளை கையை விட்டுப் போகிறது, இந்த அம்மா மணியைப் பற்றிக் கேட்கிறாரே என்று. ஆனாலும் போனார்.

ஊசிப்பாறையில் பாயில் உட்கார்ந்தார். கால் மரத்தது. பாடம் நடந்தது. பிள்ளைகள் எழுந்தால் அவரும் பாதி எழுந்தார். மணி ஒன்றும் அடிக்கவில்லை.

மத்தியானம் வந்தது. அதற்கும் மணி இல்லை. அங்கே வாத்தியார் கையைத் தட்டினார், பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். விருந்தாளி என்று திரவியம் சாருக்கு முதலில் வைத்தார்கள். சோறு, சாம்பார், முட்டை. மலை ஏறி வந்த பசி. பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

அறை அமைதியாகிவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு பயல் ஆரம்பித்தான், மொத்த அறையும் சிரித்தது. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகூடக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

என்ன தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை. விசாரிக்கவும் கூடாது. காது இரண்டும் சுட்டது. வாயில் வைத்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் இரக்கப்பட்டு அவர் காதோரம் சொன்னாள்.

"மொதல்ல குட்டி வாய் வைக்கணும்லா சார். இருக்கிறதுலேயே சின்னப் பிள்ளை. அதுக்கு அப்புறம்தான எல்லாரும்."

அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்தார். இரண்டு குடம் இருந்தது. எது குடிக்க, எது தட்டுக் கழுவ என்று தெரியவில்லை. தாகத்தோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம், வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் ஒரு பையன் கம்பியால் அடித்தான். பிள்ளைகள் பையைத் தோளில் போட்டு, தட்டைக் கையில் எடுத்து, வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் திரவியம் சார் தலைமையாசிரியை அறை வாசலில் மறுபடியும் நின்றார்.

"அங்க மணி ஒண்ணுதான் டீச்சர். வீட்டுக்குப் போறதுக்கு."

"சாப்பிட்டீங்களா அங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"சரி. இன்னைக்கும் போயிட்டு வாங்க."

திரவியம் சார் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வேண்டாம் டீச்சர்" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே அந்தக் குரல் கேட்டது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிற பிள்ளையின் குரல். கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் கொம்பையா வீட்டு வாசலில் அவர் போய் நின்றார். இசக்கி கதவுக்குப் பின்னால். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குட்டி வாய் வைக்கிறதுக்குள்ள தின்னுட்டீங்களாமே சார்."

ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"ஆமாம்மா."

கதவுக்குப் பின்னால் சிரிப்பு. அடக்கி அடக்கிச் சிரித்தாள். அப்புறம் நின்றது.

"அதுக்குப் பெறவு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. அடுத்தாப்ல என்ன தப்புச் செய்வேனோன்னு அசையாம உட்கார்ந்திருந்தேன்."

கதவு கொஞ்சம் திறந்தது.

"தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல. எந்தக் குடம்னு தெரியல."

"வாசல் பக்கம் இருக்கிறது குடிக்க" என்றாள் இசக்கி. பிறகு, "நாளைக்கு நான் வந்தா, மணி அடிச்சா அவங்க வீட்டு மணின்னு சொல்லுவாங்கல்லா சார்?"

சொல்ல மாட்டார்கள் என்ற வார்த்தை அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"தெரியலம்மா."

கொம்பையா இருமினார். "நாளை ஒரு நாள் விடுதேன் சார். உங்க முகத்துக்காக. ஒட்டலன்னா ஞாயித்துக்கிழமை எங்க அக்காகூட அனுப்பிருவேன்."

வெள்ளிக்கிழமை இசக்கி வந்தாள். கடைசிப் பெஞ்சு, ஓரம், பை மடியில்.

முதல் பாடம் முடியப் போகிறது. எதிரே ஏழாம் வகுப்பு ஜன்னலில் ஒரு தலை வந்தது. இரண்டானது. நிறைய ஆனது.

மணி அடித்தது.

இசக்கி பெஞ்சைப் பிடித்தாள்.

"ஏட்டி வீட்டு ம…"

குரல் பாதியில் நின்றது.

மைதானத்தில் பெரிய டீச்சர் போய்க்கொண்டிருந்தார். தோளில் பை. ஒரு கையில் குடை, ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. யாரையும் பார்க்காமல் நேரே வாசலைப் பார்த்து நடந்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய டீச்சரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? ஒருவரும் கூப்பிடவும் இல்லை. திரவியம் சார் ஒரு அடி எடுத்து வைத்தார். என்னவோ தோன்றி நின்றுவிட்டார்.

பெரிய டீச்சர் வாசலைத் தாண்டினார். பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றார்.

பெஞ்சு சத்தம் கேட்டது. இசக்கி ஓடினாள். பை வகுப்பிலேயே கிடந்தது.

"டீச்சர், டீச்சர். இது வீட்டு மணி இல்ல டீச்சர்."

"அப்படியா?"

"இது கணக்குக்கு. வீட்டு மணி நீளமா அடிக்கும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

இசக்கி அவர் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எனக்கும் யாரும் சொல்லல டீச்சர்" என்றாள்.

இசக்கி பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து நின்ற திரவியம் சார் அதைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வகுப்புக்குத் திரும்பிப் போனார். கணக்கு எடுக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, "உங்க உங்க பழைய பள்ளிக்கூடத்துல மணி எப்படி அடிப்பாங்க?" என்று கேட்டார். ஒரு ஊரில் விசிலாம். ஒரு ஊரில் தட்டில் கரண்டியாம். ஒரு பையன் தங்கள் ஊர் வாத்தியார் தும்மினாலே இடைவேளைதான் என்றான். பேச்சு வாக்கில் பைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே பஸ் நிற்கிற இடத்தில் பெரிய டீச்சர் கேட்டார், "அடுத்த மணி எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வந்து சொல்லுதேன்" என்றாள் இசக்கி.

அன்றைக்கு முழுக்க, மணி அடித்தால் இசக்கி ஓடினாள். "தமிழுக்கு டீச்சர்." "சோத்துக்கு டீச்சர்." ஏழாம் வகுப்பில் ஒருவன் வீட்டு மணி என்று ஆரம்பித்தான். யாரைச் சொல்கிறோம் என்று அவனுக்கே பயம் வந்து வாயை மூடிக்கொண்டான்.

சாயங்காலம் மணி நீளமாக அடித்தது. பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

திரவியம் சார் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பார்த்தார். இசக்கி இல்லை. கடைசிப் பெஞ்சுக்கு ஓடி வந்தார். அங்கேயும் இல்லை. பெரிய டீச்சர் அறைக்கு ஓடினார்.

இசக்கி உள்ளே மேஜை முன்னால் நின்றாள்.

"மணி அடிச்சாச்சு டீச்சர். கிளம்பலையா?"

எஸ்தர் டீச்சர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இது எந்த மணி?"

"வீட்டு மணி."

"திங்கக்கிழமை யாரு எனக்குச் சொல்லுவா? உங்க அத்தை வருதாமே."

இசக்கி கொஞ்சம் யோசித்தாள்.

"அத்தைகிட்ட சொல்லிருதேன். எங்க பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சருக்கு இன்னும் மணி தெரியல, நான் போயே ஆகணும்னு."

டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். இசக்கி காத்திருக்கவில்லை. மேஜையில் இருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவர் கையில் கொடுத்து, குடையைத் தானே எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து முன்னால் நடந்தாள்.