ஒரு பிடி மண்ணும் கெட்டிமேளமும்

ஏரி மண்ணை லாரி லாரியாக விற்றது பேரூராட்சித் தலைவர்தான் என்று கோயில் கச்சேரியில் மைக்கைப் பிடித்துச் சொல்லிவிட்டார் தவில்காரர் குஞ்சிதபாதம். அவ்வளவுதான். "தவில்காரனுக்கு எதுக்குய்யா அரசியல்?" என்று ஊரே அவரைக் காய்ச்சி எடுத்தது. டீக்கடைக்காரர் டீ கொடுக்கவே மறுத்துவிட்டார்.

தலைவர் வேதரத்தினம் ஆள்விட்டு அழைத்தார். "ஏரிக்கரைப் பூங்கா திறப்புக்கு நீதான் வாசிக்கணும். வாயைத் திறக்காம உன் தொழிலை மட்டும் பாரு."

"ஆகட்டுங்க."

விழாவில் தலைவர் மைக் முன்னால் நின்றார். "இந்த ஏரியில நான் ஒரு பிடி மண்கூட..."

டமடமவென்று கெட்டிமேளம் முழங்கியது. தலைவர் முறைத்தார், தவில் நின்றது. மறுபடியும் "ஒரு பிடி மண்" என்றார். மறுபடியும் கெட்டிமேளம். என்னடா இது என்று கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"என்னய்யா கூத்து?"

"பதில் சொல்ல வாயைத் திறக்கலாமுங்களா?"

"திறந்து தொலை!"

"நல்ல காரியம் நடக்கிற நேரத்துல ஆகாத பேச்சு யார் காதுலயும் விழக்கூடாதுன்னுதானே கெட்டிமேளம் கொட்டுறோம்? என் தொழிலைத்தான் பார்த்தேனுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் முறை "இந்த ஏரியில..." என்று தொடங்கியதுதான் தாமதம், அந்த டீக்கடைக்காரரே எழுந்து விரலை ஆட்டிக் கத்தினார்:

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"